40 சதவீதம் எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம்: சிறப்புக் கல்வியின் சட்டமும் பணமும்

சிறப்புத் தேவை உள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க அலையும் பெற்றோரைப் பார்த்து எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை பர்சன்ட் போட்டிருக்காங்க?" என்பதுதான். மருத்துவச் சான்றில் குறைபாட்டின் அளவாகப் போடும் சதவீதத்தைத்தான் கேட்கிறார்கள். பள்ளியில் கேட்கிறார்கள், அலுவலகத்தில் கேட்கிறார்கள், சொந்தக்காரர்களும் விடுவதில்லை. அந்த ஒரு எண்தான் பிள்ளையின் படிப்பையே முடிவு செய்கிறது என்று பலர் நம்பிவிடுவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் சில விஷயங்களுக்குத்தான் அந்த எண் கட்டாயம். வேறு சிலவற்றுக்கு அது தேவையே இல்லை. எது எந்தப் பக்கம் என்று தெரிந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

சுருக்கமாகப் பிரித்துவிடலாம். பள்ளியில் சேர்த்துக்கொள்வதும், வகுப்பில் பிள்ளைக்கு ஏற்றபடி ஏற்பாடு செய்து தருவதும் குறைபாடு உள்ள எல்லாக் குழந்தைக்கும் உரியவை. அதற்குச் சதவீத வரம்பு கிடையாது. 18 வயது வரை இலவசக் கல்வி, உயர்கல்வியில் இட ஒதுக்கீடு போன்றவை 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு. மாதாந்திர உதவித்தொகை, கல்வி உதவித்தொகை, உபகரணங்கள் எல்லாம் அரசுத் திட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம், தனி நிபந்தனை, பட்ஜெட்டுக்குத் தகுந்தபடி மாறும் தொகை. முதல் இரண்டும் சட்டம் தந்த உரிமை என்பதால் மறுத்தால் சண்டை போட முடியும். மூன்றாவதில் வரிசையில் நின்று வாங்க வேண்டியிருக்கிறது. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான், "சர்டிஃபிகேட் வந்த பிறகு வாங்கம்மா, அட்மிஷனைப் பார்க்கலாம்" என்று பள்ளி சொல்லும்போது பெற்றோர் தலையாட்டிவிட்டுத் திரும்பி வருகிறார்கள். அப்படித் திரும்ப வேண்டியதில்லை.

எந்தச் சட்டம் என்ன சொல்கிறது

முக்கியமானது மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதற்கு முன்பிருந்த 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைத்தான் கணக்கில் எடுத்தது. இப்போதைய சட்டத்தில் 21 வகைகள். ஆட்டிசம், வாசிக்கவும் எழுதவும் திணற வைக்கும் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடுகள், பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு, தசைச் சிதைவு, தலசீமியா, ஹீமோஃபிலியா எல்லாம் இப்படித்தான் உள்ளே வந்தன. ஒன்றைக் கவனியுங்கள்: ஏ.டி.எச்.டி. என்ற கவனக்குறைவு-மிகை இயக்க நிலை இந்த 21இல் தனியாக இல்லை. அந்தப் பிள்ளைகளில் பலருக்குக் கற்றல் குறைபாடும் சேர்ந்தே இருக்கும் என்பதால், அதற்கான பரிசோதனையையும் கேட்டு வாங்குவது நல்லது.

இந்தச் சட்டத்தின் 16ஆவது பிரிவை எல்லாப் பெற்றோரும் ஒருமுறையாவது படித்துவிட வேண்டும் என்பேன். ஒரு பக்கம்கூட வராது. அரசு நிதி பெறும் பள்ளிகள் மட்டுமில்லாமல் அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளும், அதாவது தனியார் பள்ளிகளும், பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும் என்கிறது. கட்டடமும் வளாகமும் பிள்ளை புழங்கக்கூடியதாக இருக்க வேண்டும், பார்வை அல்லது செவித்திறன் குறைபாடு உள்ளவர்களுக்குப் பொருத்தமான மொழியிலும் முறையிலும் சொல்லித்தர வேண்டும், கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டுபிடிக்க வேண்டும், போக்குவரத்துக்கு வழி செய்ய வேண்டும் என்று அது நீள்கிறது. இந்தப் பிரிவில் 40 என்ற எண்ணே இல்லை.

16ஆவது பிரிவில் வரும் இன்னொரு சொல்தான் 'ரீசனபிள் அக்காமடேஷன்'. நியாயமான ஏற்பாடு என்று வைத்துக்கொள்ளலாம். நடக்கச் சிரமப்படும் மாணவியின் வகுப்பை மாடியிலிருந்து தரைத்தளத்துக்கு மாற்றுவது, காது சரியாகக் கேட்காத பையனை ஆசிரியரின் உதடு தெரியும் இடத்தில் உட்கார வைப்பது, எழுத வராத பிள்ளையிடம் வாயால் பதில் கேட்பது எல்லாம் இதில் அடங்கும். பள்ளியால் தாங்க முடியாத அளவுக்குச் சுமையாகக் கூடாது என்பது ஒன்றுதான் வரம்பு. இந்த ஏற்பாட்டை மறுத்தாலே அது பாகுபாடு என்று சட்டத்தின் வரையறையிலேயே இருக்கிறது. 2021இல் விகாஷ் குமார் என்பவர் மத்தியத் தேர்வாணையத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பிரச்சினை உள்ள அவருக்கு 40 சதவீதம் இல்லை என்று காரணம் காட்டி, தேர்வில் எழுதித்தர ஆள் மறுக்கப்பட்டது. நியாயமான ஏற்பாடு பெற 40 சதவீதம் தேவையில்லை என்றது நீதிமன்றம். 40க்குக் கீழே உள்ளவர்களுக்கும் எழுத ஆள் வைத்துக்கொள்ள 2022இல் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது அதைத் தொடர்ந்துதான்.

40 சதவீதம் எங்கே வருகிறது? 31ஆவது பிரிவில். 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள நிலையைச் சட்டம் 'பெஞ்ச்மார்க் டிசபிலிட்டி' என்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு 6 வயது முதல் 18 வயது வரை, அக்கம்பக்கத்துப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை உண்டு. எந்தப் பள்ளி என்று தேர்ந்தெடுப்பது பிள்ளையின், பெற்றோரின் விருப்பம். "இந்தப் பையனுக்கு ஸ்பெஷல் ஸ்கூல்தாங்க சரி" என்று தலைமையாசிரியர் ஆலோசனை சொல்லலாம், முடிவெடுக்க முடியாது. அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடமும் இந்த 40 சதவீதக்காரர்களுக்குத்தான்.

அடுத்தது எல்லோரும் ஆர்.டி.இ. என்று சொல்லும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009. 6 முதல் 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவச, கட்டாயக் கல்வி. 2012இல் வந்த திருத்தத்தால் மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் 'வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர்' பட்டியலில் சேர்ந்தார்கள். சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தை ஒதுக்க வேண்டும் அல்லவா, அதில் இவர்களுக்கும் பங்கு உண்டு. நலிவடைந்த பிரிவில் விண்ணப்பிப்பவர்களுக்குத்தான் வருமான வரம்பு. வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுக்குக் கிடையாது. தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் விண்ணப்பத்துக்குக் குலுக்கலுக்கு முன்பே முன்னுரிமையும் உண்டு. இது தெரியாமலேயே எல்.கே.ஜி. வயதைத் தாண்டிவிடும் குடும்பங்கள் ஏராளம். கடுமையான அல்லது பல குறைபாடுகள் சேர்ந்த பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிக்கலாம் என்பதும் அதே திருத்தத்தில் வந்ததுதான். அது குடும்பம் விரும்பினால் எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு. பிள்ளையைப் பள்ளிக்கு வராமல் தடுக்க அதைக் காரணமாகக் காட்டக் கூடாது.

ஐ.இ.பி. என்ற காகிதம்

தனிநபர் கல்வித் திட்டம் என்பதைத்தான் ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து ஐ.இ.பி. என்கிறார்கள். இந்த ஒரு பிள்ளை இப்போது எங்கே நிற்கிறது, அடுத்த சில மாதங்களில் எங்கே போக வேண்டும், அதற்கு யார் என்ன செய்யப் போகிறார்கள் என்று எழுதிவைக்கும் தாள். இணையத்தில் தேடினால் அமெரிக்கப் பெற்றோர் இதைப் பற்றி எழுதியவை கொட்டிக் கிடக்கும். அங்கே அது சட்டப்படி கட்டாயமான ஆவணம். நம் சட்டத்தில் அந்தப் பெயரில் ஓர் ஆவணம் கட்டாயமாக்கப்படவில்லை. பிள்ளைக்குத் தேவையான தனிப்பட்ட ஆதரவைத் தர வேண்டும் என்று 16ஆவது பிரிவு சொல்கிறது. அதனால் "ஐ.இ.பி. கொடுங்கள்" என்று மட்டும் கேட்காமல், "16ஆவது பிரிவின்படி என் மகளுக்கு என்ன ஆதரவு தரப் போகிறீர்கள் என்று எழுதித் தாருங்கள்" என்று கேட்பது வலுவானது.

நல்ல ஐ.இ.பி.யை அதன் இலக்குகளைப் படித்தாலே தெரிந்துவிடும். பேச்சு வராத ஏழு வயதுப் பிள்ளைக்கு "தகவல் தொடர்புத் திறன் மேம்பட வேண்டும்" என்று எழுதியிருந்தால் அதனால் பயனில்லை. மேம்பட்டதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. இப்படி எழுத வேண்டும்: "தண்ணீர் வேண்டும் என்றால், யாரும் கேட்காமலேயே, தண்ணீர் படம் உள்ள அட்டையை எடுத்து ஆசிரியரிடம் தர வேண்டும். ஐந்து தடவைக்கு நான்கு தடவையாவது. காலாண்டுத் தேர்வுக்குள். அட்டை பிள்ளையின் மேசையிலேயே ஒட்டியிருக்க வேண்டும். வகுப்பாசிரியர் நாள்தோறும் குறித்துவைக்க வேண்டும். வீட்டிலும் இதே அட்டை." இப்படி எழுதினால் காலாண்டு முடிந்ததும் நோட்டைத் திறந்து பார்க்கலாம். நடந்திருந்தால் அடுத்த இலக்கு, நடக்கவில்லை என்றால் வழியை மாற்ற வேண்டும்.

இதே தாளில் இன்னொரு வேறுபாட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள், இதில்தான் பலர் பின்னால் வருத்தப்படுகிறார்கள். அதே பாடத்தை வேறு வழியில் படிப்பது ஒன்று: பெரிய எழுத்து, கூடுதல் நேரம், வாய்மொழித் தேர்வு. பாடத்தையே குறைப்பதோ எளிதாக்குவதோ இன்னொன்று. எட்டாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு மூன்றாம் வகுப்புக் கணக்கு சொல்லித்தருவது சில பிள்ளைகளுக்கு மிகச் சரியான முடிவு. ஆனால் அதே பாதையில் போனால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு என்ன ஆகும் என்பதை அப்போதே பேசிவிட வேண்டும். தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக, பிள்ளைக்கு ஒத்துவரும் பாடங்களை எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தேர்வு எழுதும் வழியும் இருக்கிறது. என் பிள்ளைக்கு மாற்றுவது படிக்கும் வழியையா, பாடத்தையா என்று ஒவ்வொரு வருடமும் நேரடியாகக் கேளுங்கள்.

சிறப்பாசிரியர் என்று சொல்லிக்கொள்பவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். இத்தனை சிறப்புத் தேவைப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் என்ற கணக்கும் வந்துவிட்டது. 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை ஒட்டி 2022 ஜூனில் மத்திய அரசு அறிவித்தது: தொடக்க வகுப்புகளில் 10 பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு, பள்ளிக் கல்வித் துறை வட்டாரந்தோறும் நடத்தும் வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் வந்து போகிறார்கள். ஒருவரே பல பள்ளிகளைப் பார்க்கிறார் என்பதால், உங்கள் பள்ளிக்கு அவர் எந்தக் கிழமை வருகிறார் என்று தெரிந்துவைத்துக்கொண்டு அன்றைக்கு நேரில் போய்ப் பேசுவது ஒரு மாதக் காத்திருப்பை மிச்சப்படுத்தும்.

தேர்வுச் சலுகைகள்

பொதுத்தேர்வில் 'சொல்வதை எழுதுபவர்', கூடுதலாக ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு ஆகியவை தமிழ்நாட்டில் வழங்கப்படுகின்றன. மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் என்பது மத்திய அரசு வழிகாட்டுதலில் உள்ள மணிக்கு 20 நிமிடம் என்ற கணக்குதான். தலைமையாசிரியர் மூலம், தேர்வுக்குப் பல மாதங்கள் முன்பே விண்ணப்பம் போக வேண்டும். பத்தாம் வகுப்பு ஜனவரியில் நினைவு வந்தால் ரொம்பத் தாமதம். ஒன்பதாம் வகுப்பிலேயே மருத்துவச் சான்றைத் தயார் செய்துவிடுங்கள். ஒருவர் எழுத, தான் சொல்லிக்கொண்டே போவது பழகினால்தான் வரும் என்பதால் அரையாண்டுத் தேர்வையும் அதே முறையில் எழுத வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அட்டையும் சான்றும்

யு.டி.ஐ.டி. என்பது நாடு முழுக்கச் செல்லும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் விண்ணப்பித்து, அரசு மருத்துவமனையில் பரிசோதனைக்குப் போக வேண்டும். 40 சதவீதத்துக்குக் கீழே என்றால் வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80இலிருந்து நீலம் என அட்டையின் நிறம் மாறும். சின்ன வயதில் தரும் சான்று பெரும்பாலும் தற்காலிகமானது. முடியும் தேதியைப் பார்த்து வைக்காவிட்டால் உதவித்தொகை நின்ற பிறகுதான் தெரியவரும். கற்றல் குறைபாட்டுக்கு எட்டு வயதுக்கு முன்னால் பொதுவாகச் சான்று தருவதில்லை. ஆனால் சான்று வரும்வரை பள்ளி கைகட்டி நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. எழுத்துக்கூட்டத் திணறும் ஆறு வயதுப் பிள்ளைக்கு இன்றைக்கே உதவி தொடங்கலாம், தொடங்க வேண்டும். இன்னும் பள்ளி வயது வராத குழந்தை என்றால் மாவட்ட அரசு மருத்துவமனையில் உள்ள ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு முதலில் போங்கள். சான்று எதுவும் இல்லாமலேயே பரிசோதனை செய்வார்கள்.

பணம் எந்த வழியில் வருகிறது

இங்கேதான் வதந்திகள் அதிகம். "குழந்தைக்கு வருஷத்துக்கு 3,500 ரூபாய் வருதாமே, ஸ்கூல்ல தரவே இல்லை" என்று பெற்றோர் கோபப்படுவதைப் பார்க்கலாம். அந்தத் தொகை சமக்ர சிக்‌ஷா என்ற ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வருவது. இதில் மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற விகிதத்தில் செலவைப் பகிர்ந்துகொள்கின்றன. சிறப்புத் தேவையுள்ள ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை என்று கணக்கிட்டுத் திட்டத்துக்குப் பணம் ஒதுக்குவார்கள். பெற்றோர் கையில் கொடுக்கும் பணம் இல்லை அது. மருத்துவ முகாம், சக்கர நாற்காலி, காதொலிக் கருவி, பிரெயில் புத்தகம், பயணப்படி, துணைக்கு வருபவருக்கான படி, வீட்டுவழிக் கல்வி எல்லாம் இதிலிருந்து போகின்றன. ஆகவே, "3,500 எங்கே?" என்று கேட்பதைவிட "என் பிள்ளைக்குப் பயணப்படி பட்டியலில் பெயர் இருக்கிறதா, முகாம் எப்போது?" என்று வட்டார வள மையத்தில் கேட்டால் பலன் கிடைக்கும். மாணவிகளுக்கு மட்டும் மாதம் 200 ரூபாய் வீதம் பத்து மாதங்களுக்கு ஊக்கத்தொகை உண்டு. அது வங்கிக் கணக்கில் வர வேண்டியது.

இந்தப் பணம் எவ்வளவு எளிதில் தடைபடும் என்பதையும் பார்த்துவிட்டோம். மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்று சொல்லி, 2024-25க்கான சமக்ர சிக்‌ஷா நிதியை மத்திய அரசு தமிழ்நாட்டுக்கு விடுவிக்காமல் நிறுத்தியது. ஆர்.டி.இ. சேர்க்கைகூட அடுத்த கல்வியாண்டில் தள்ளிப்போனது. இரண்டு அரசுகளின் இழுபறியில், பயிற்சியை ஒரு மாதம் விட்டாலே பின்னுக்குப் போய்விடும் பிள்ளைகளின் பணம் சிக்குவது எந்த வகையிலும் ஏற்க முடியாதது.

மாநில அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தருவது தனிக் கணக்கு. பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். 2023 ஜனவரிக்கு முன் 1,500ஆக இருந்தது. குறைபாடு உள்ள எல்லோருக்கும் இது கிடையாது. அறிவுசார் குறைபாட்டுக்கும் தசைச் சிதைவுக்கும் 40 சதவீதம் போதும், கடுமையாகப் பாதிக்கப்பட்டோர் பிரிவில் 75 வேண்டும். ஒன்றாம் வகுப்பிலிருந்தே துறையின் கல்வி உதவித்தொகையும் இருக்கிறது. இரண்டுக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மத்திய அரசின் கல்வி உதவித்தொகை ஒன்பதாம் வகுப்பில்தான் தொடங்கும், பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. வருமான வரி கட்டுபவர்கள் பழைய வரிமுறையில் இருந்தால், வரிக்குரிய வருமானத்திலிருந்து 40 சதவீதத்துக்கு 75,000 ரூபாயும் 80 சதவீதத்துக்கு 1,25,000 ரூபாயும் கழிக்கலாம்.

மறுத்தால் என்ன செய்வது

வாயால் சொன்ன மறுப்பு காற்றோடு போய்விடும். அதனால் முதல் வேலை, எல்லாவற்றையும் காகிதத்துக்குக் கொண்டுவருவது. கடிதம் நீளமாக இருக்க வேண்டாம். "என் மகன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். அவனுக்குச் செவித்திறன் குறைபாடு உள்ளது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 16ஆவது பிரிவின்படி, முதல் வரிசையில் இடமும், வீட்டுப்பாடத்தைப் பலகையில் எழுதிப் போடுவதும் தேவை. இதைச் செய்து தரும்படி கேட்டுக்கொள்கிறேன். இயலாது என்றால் காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்கவும்." இவ்வளவு போதும். நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். காரணத்தை எழுதித்தாருங்கள் என்ற கடைசி வரிதான் பெரும்பாலும் வேலை செய்கிறது. "ஷேடோ டீச்சருக்கு நீங்கதான் மாசாமாசம் சம்பளம் கொடுக்கணும்" என்று, வகுப்பில் பிள்ளையின் கூடவே இருந்து உதவும் ஆளுக்காகத் தனியார் பள்ளி கேட்டாலும் இதே முறைதான்: எந்த விதியின்படி என்று எழுதிக் கேளுங்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் முதன்மைக் கல்வி அலுவலருக்கும், திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியருக்கும் மனு கொடுக்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கும் புகார் அனுப்பலாம். நேரில் வரச் சொல்லவும் ஆவணங்களைக் கேட்டு வாங்கவும் அவருக்குச் சிவில் நீதிமன்றத்தின் அதிகாரம் இருக்கிறது. சட்டத்தை முதல் முறை மீறினால் 10,000 ரூபாய் வரையும், திரும்பவும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரையும் அபராதம் விதிக்க 89ஆவது பிரிவில் இடமுண்டு.

18 வயது நெருங்கும்போது இன்னொரு சட்டம் குறுக்கே வரும், அதற்குப் பிள்ளை பதினேழில் இருக்கும்போதே தயாராக வேண்டும். 18 ஆனதும் சட்டப்படி அவர் பெரியவர். வங்கியிலும் சொத்து விஷயத்திலும் பெற்றோர் கையெழுத்து தானாகச் செல்லாது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு, 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் குழு பாதுகாவலரை நியமிக்கிறது. அதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவைப் பெறலாம், வழக்கமான பேச்சுப் பயிற்சி, இயன்முறைச் சிகிச்சைச் செலவும் அதில் அடக்கம். காப்பீட்டுக்கு 18 வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த நான்கு வகைகளில் சான்று கைக்கு வந்த உடனேயே பதிவு செய்துகொள்ளலாம்.